வேன் பயணத்தில் கேக்கும் பன்னும்: சிறிய ஓவனைப் பழகும் முறை

வேனில் தங்கிப் பயணம் செய்யத் தொடங்குபவர்கள் சோறு, குழம்பு, உப்புமா ஆகியவற்றை ஒற்றை அடுப்பில் ஆக்குவதற்கு இரண்டாம் நாளே பழகிவிடுகிறார்கள். கேக்கும் பன்னும் மட்டும் பேக்கரியில் வாங்க வேண்டியவை என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. அடுப்பின் மேல் தூக்கி வைக்கக்கூடிய சிறிய ஓவன் ஒன்றும், 5 கிலோ சிலிண்டரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால், தென்னந்தோப்பின் நடுவில் சூடான பன்னைப் பிய்த்துத் தின்ன முடியும். அதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: இந்த ஓவனுக்குச் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது.

இதை நான் முதல் கேக்கிலேயே கற்றுக்கொண்டேன். சோழவந்தானுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் வேனை நிறுத்தி, வீட்டில் பலமுறை செய்து பார்த்த அதே அளவில் மாவைக் கலந்து, ஓவனுக்குள் வைத்து, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் கருகல் வாடை வந்தது. திறந்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தபோது மேல்பாதி இன்னும் மாவாகவே குச்சியில் ஒட்டியது. அடிப்பாகமோ விரற்கனத்துக்குக் கரியாகி டின்னோடு பிடித்துக்கொண்டிருந்தது. மாவிலோ அளவிலோ பிழை இல்லை. வீட்டு மின் ஓவனில் மேலும் கீழும் கம்பிகள் இருக்கின்றன, சூடு ஏறினால் தானாக அணைகின்றன; இங்கே அந்த இரண்டு வேலைகளையும் நாம்தான் செய்ய வேண்டும் என்பதை நான் அறியாதிருந்ததே பிழை.

எந்த ஓவன் வாங்குவது

மின் ஓவனைப் பற்றி முதலில் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஓடிஜி எனப்படும் சாதாரண வீட்டு மின் ஓவன் ஒன்று 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். வேனில் தனியாக வைத்திருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தச் சேமிப்பே 1,200 வாட்-மணிதான்; ஈய அமில பேட்டரியாக இருந்தால், அது கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். 1,500 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் ஓட வேண்டும், அதற்குத் தக்க கனமான கம்பியும் இன்வெர்ட்டரும் வேண்டும். ஒரு கேக்குக்காக விளக்கும் விசிறியும் இல்லாமல் இரவைக் கழிப்பதில் பொருளில்லை. எரிவாயுவே தோது.

எரிவாயு அடுப்பின் மேல் வைக்கும் ஓவன்களில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று மடக்கு ஓவன்: தகரத்தாலோ எவர்சில்வராலோ ஆன பெட்டி, முன்பக்கம் கதவு, உள்ளே கம்பித் தட்டு, அடியில் திறப்பு, பயன்படுத்தாதபோது மடக்கிச் சப்பையாக்கி இருக்கைக்கு அடியில் செருகிவிடலாம். மற்றொன்று வளைய ஓவன்: நடுவில் ஓட்டையுள்ள வட்ட அச்சு, அதைத் தாங்கும் இரும்புத் தட்டு, மேலே ஒரு மூடி. இதில் தீயின் சூடு நடு ஓட்டை வழியாக மேலேறி, மூடியில் முட்டித் திரும்பி மாவின் மேற்புறத்தில் பரவுவதால், அடி கருகாமல் மேலும் சிவக்கிறது. எரிவாயுவும் குறைவாகவே ஆகும். இருவர் மட்டும் போகும் சிறிய வேனுக்கு வளைய ஓவன் நல்லது. பன், பிஸ்கட், பீட்சா என்று பலவும் செய்ய விரும்பும் குடும்பத்துக்கு மடக்கு ஓவன்தான் சரி, அதனால் இக்கட்டுரையில் அதையே பெரிதும் எடுத்துக்கொள்கிறேன்.

பணம் போடுவதற்கு முன் பழகிப் பார்க்க விரும்பினால் பாத்திரக் கடையில் கிடைக்கும் கனமான அலுமினியக் குண்டான் போதும். அடியில் கல் உப்பையோ, கழுவிக் காயவைத்த ஆற்று மணலையோ விரற்கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் கால் வைத்த தட்டு ஒன்றை நிறுத்தி, கேக் டின்னை அதில் வைத்து மூடினால் அதுவும் ஓவன்தான். நம் வீடுகளில் பல பெண்கள் இப்படித்தான் கேக் செய்யக் கற்றார்கள், இன்றும் செய்கிறார்கள். வீட்டில் புழங்கும் நல்ல குக்கரை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். தண்ணீரில்லாமல் நெடுநேரம் காய்ந்தால் அது கெட்டுப்போகும்.

எரிவாயு: இதில் சலுகையே கிடையாது

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரை வைத்து அடுப்பு மூட்டியதில் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட ஊரில் இருந்துகொண்டு, வேனுக்குள் அடுப்பு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால் என்னால் ஒரே பதில்தான் சொல்ல முடியும்: வைக்கக் கூடாது. மழை பெய்தாலும், கொசு கடித்தாலும், ஐந்து நிமிடம்தான் என்றாலும் கூடாது. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வேனின் தரையில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். கசிவே இல்லாவிட்டாலும், ஓவனை ஒரு மணி நேரம் எரியவிடும்போது மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கரியடுப்பில் செய்பவர்கள், அணைந்துவிட்டது என்று நினைத்துக் கங்குகளை வேனுக்குள் எடுத்து வைப்பது இதைவிடவும் ஆபத்து.

ஆகவே சிலிண்டரும் அடுப்பும் வேனுக்கு வெளியே, வண்டியிலிருந்தும் அதன் எரிபொருள் மூடியிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரே பயணத்துக்கு ஏற்றது. ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்டுங்கள். படுக்க வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். உள்ளே எஃகு வலை பின்னிய ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பைப் போட்டு, அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள். இடத்தில் இறங்கி இணைத்ததும், இணைப்பின் மேல் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பின்பே தீக்குச்சியைத் தொட வேண்டும்.

கையடக்கக் குப்பி செருகும் அடுப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் எரிவாயுக் குப்பி பர்னருக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பெரிய தோசைக்கல்லையோ ஓவனையோ வைத்தால், கல்லின் சூடு குப்பியில் இறங்கி, குப்பி வெடிக்கும். ஓவன் வேலைக்கு அந்த அடுப்பு வேண்டாம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2 கிலோவாட் திறனுள்ள சிறிய பர்னரை முழுதாகத் திறந்து வைத்தாலும் மணிக்கு ஏறத்தாழ 160 கிராம் எரிவாயுதான் ஆகும். நாம் அதைப் பெரும்பாலும் பாதிக்கும் கீழேதான் வைக்கப் போகிறோம்.

இடம் பார்த்து நிறுத்துவது

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோப்புகளில் உரிமையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் தயங்காமல் இடம் கொடுக்கிறார்கள். கேட்காமல் நிறுத்துவது முறையல்ல. தென்னைக்கு நேர் கீழே வண்டியையும் அடுப்பையும் வைக்காதீர்கள், அண்ணாந்து பார்த்துக் குலை இல்லாத பக்கமாகத் தள்ளி நிறுத்துங்கள். அடுப்பைச் சுற்றி இரண்டு மீட்டருக்குச் சருகையும் காய்ந்த மட்டையையும் கூட்டி அள்ளிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு, சிறிய தீயணைப்பான் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதைத் தேனிப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். யானைமலை, சமணர் மலை, அரிட்டாபட்டி போன்ற இடங்கள் பார்த்து வணங்கிவிட்டு வர வேண்டியவை. அங்கே அடுப்புக்கு வேலை இல்லை. அழகர்கோயில் பக்கம் குரங்குகள் மிகுதி என்பதால், வாழைப்பழ வாடையோடு ஓவனைத் திறப்பது உங்களுக்கும் நல்லதல்ல, அவற்றுக்கும் நல்லதல்ல.

தரை மட்டமாக இருக்க வேண்டும். அடுப்பை வைத்த பின் அதன் மேல் தட்டு நிறையத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கேக்கும் அப்படியே சாய்ந்து வேகும், மெல்லிய பக்கம் காய்ந்துபோகும். சிறு கல்லையோ அட்டையையோ முட்டுக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். காற்றைத் தடுக்க, அந்த மூன்று மீட்டர் தள்ளியே, வேனின் மறைவைப் பயன்படுத்தலாம், அப்போது அந்தப் பக்கத்துக் கதவும் சன்னலும் மூடியிருக்கட்டும். தகர மறைப்பு வைத்தால் காற்று வரும் திசையில் மட்டும் வையுங்கள். சிலிண்டரையும் சேர்த்து வளைத்து அடைத்துவிடக் கூடாது. ஆடி மாதத்தில் தேனி, கம்பம் பக்கம் போகிறவர்கள் ஓவனை எடுத்துச் செல்லாமலிருப்பதே மேல். அம்மியையே பறக்கவைக்கும் காற்று என்று சொல்வார்கள், தகரப் பெட்டி அதில் எப்படிச் சூட்டைப் பிடித்து வைக்கும்!

மாவைத் தொடுவதற்கு முன்: வெறும் ஓவனைப் படித்தல்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போய்விடும் படி இது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் பர்னரின் மேல் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் ஓவனை வையுங்கள். தீ நேராக ஓவனின் அடியைத் தாக்காமல், கல் முழுவதும் பரவிச் சமமாக ஏறுவதற்காக இது. கல் இல்லாவிட்டால் பர்னருக்கு நேர் மேலே ஒரு வட்டம் கருகி, ஓரங்கள் வெளுத்தே இருக்கும். பிறகு கம்பித் தட்டை நடுவுக்கும் சற்று மேலே உள்ள காடியில் பொருத்துங்கள். கீழ்க் காடி தனியாக இருந்தால் அதில் வெறும் தட்டு ஒன்றைச் சுற்றிலும் இடைவெளி விட்டு வையுங்கள். அடிச்சூடு அதில் முட்டிப் பக்கங்கள் வழியாக மேலேறும்.

இப்போது அடுப்பை நடுத்தரமாக எரியவிட்டு பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கதவில் பொருத்திய வெப்பமானியை முழுதாக நம்பிவிடாதீர்கள். அது கதவோரத்துச் சூட்டைக் காட்டுகிறதே தவிர, கேக் இருக்கும் நடுப்பகுதியின் சூட்டை அல்ல. கம்பியில் தொங்கவிடும் தனி வெப்பமானி கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. வெள்ளைச் சீனி ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸில் உருகும். அலுமினியத் தாளில் அரைக் கரண்டிச் சீனியை வைத்து ஓவனின் நடுவில் பதினைந்து நிமிடம் விடுங்கள். உருகிப் பாகானால் அந்தத் தீ கேக்குக்கு அதிகம், பன்னுக்குப் பொருந்தும். படிகம் மாறாமல் அப்படியே இருந்தால் 186-க்குக் கீழே இருக்கிறீர்கள். அடுத்து ஒரு தட்டில் மைதாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள்: ஐந்து நிமிடத்தில் பொன்னிறத்துக்கு வந்தால் கேக்குக்கு ஏற்ற சூடு, அதற்குள் செம்பழுப்பானால் தீயைக் குறைக்க வேண்டும், வெள்ளையாகவே இருந்தால் கூட்ட வேண்டும். மைதா எந்தப் பக்கம் முதலில் சிவக்கிறது என்பதையும் பாருங்கள். என்னுடைய பெட்டியில் இடது பின்மூலை எப்போதும் முந்திக்கொள்ளும்; அதனால் பாதி நேரத்துக்கு மேல் ஆனதும் டின்னை ஒரு முறை திருப்பிவிடுவேன்.

சரியான தீ எது என்று தெரிந்ததும், அடுப்புக் குமிழில் அந்த இடத்துக்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கேக்குக்கு ஒரு கோடு, பன்னுக்கு ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகள் இருந்தால் எந்தத் தோப்பிலும் கலங்க வேண்டியதில்லை.

முதல் கேக்: சிறுமலை வாழைப்பழம்

புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் திண்டுக்கல், மதுரைச் சந்தைகளுக்கு வருகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்து, கடைக்காரர் ஒதுக்கி வைத்திருக்கும் பழமே கேக்குக்கு உகந்தது. கிடைக்காவிட்டால் எந்த வாழைப்பழமும் ஆகும்.

உலர்ந்த பொருள்களை வீட்டிலேயே சலித்துக் கலந்து ஒரு பையில் கட்டிவிடுங்கள்: மைதா 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காயின் பொடி. பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டாலும் நன்றாகவே வரும். பையின் மேல் சேர்க்க வேண்டியவற்றை எழுதி ஒட்டிவிட்டால் இடத்தில் தராசு தேவைப்படாது. சேர்க்க வேண்டியவை இவை: தோல் நீக்கிய பழம் 200 கிராம், முட்டை இரண்டு, புளித்த தயிர் 50 கிராம், வாடையில்லாத சமையல் எண்ணெய் 60 மில்லி. வெண்ணெயை விட்டு எண்ணெயைச் சொல்வதற்குக் காரணம், மதுரை வெயிலில் வெண்ணெய் பையிலேயே உருகிப் பிரிந்துவிடும் என்பதுதான். முட்டையை வழியில் ஊர்க்கடையில் வாங்கி, ஒவ்வொன்றையும் தனி டம்ளரில் உடைத்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓவனைக் கேக் கோட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் சூடேறவிட்ட பின்புதான் கலக்கத் தொடங்க வேண்டும். பழத்தைக் கையால் பிசைந்து, முட்டை, தயிர், எண்ணெயை அடித்துச் சேர்த்து, பையிலுள்ள கலவையைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மட்டும் கிளறி நிறுத்துங்கள்; தோசை மாவைக் கரைப்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பராகிவிடும். பட்டர் பேப்பர் விரித்த 18 சென்டிமீட்டர் டின்னில் பாதிக்குச் சற்று மேல்வரை ஊற்றி, தாமதமின்றி உள்ளே வையுங்கள், சோடா தயிரோடு சேர்ந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும்.

அதன் பிறகு முப்பது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். இந்த ஓவனின் தகரம் மெல்லியது; ஒரு முறை திறந்தால் சூடு முழுவதும் வெளியேறி, எழும்பி வந்த நடுப்பாகம் குழிந்துவிடும். டின்னைத் திருப்புவதாக இருந்தால் முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு திருப்பலாம். கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில் மூக்கை நம்புங்கள். முதலில் பழ வாடை, பிறகு சர்க்கரை இளகும் வாடை, அதன் பிறகு முறுகிய வாடை என்று வரிசையாக வரும். முறுகல் வாடை இருபது நிமிடத்துக்குள்ளேயே எட்டினால் அடி முந்துகிறது என்று பொருள், தீயைச் சற்றே தாழ்த்துங்கள். நாற்பது முதல் ஐம்பது நிமிடத்தில் ஈர்க்குச்சி ஒட்டாமல் வெளியே வரும். மேற்புறம் வீட்டுக் கேக் அளவுக்குச் சிவக்காது, அதற்காகக் கூடுதலாக வேகவைத்து உள்ளே உலர்த்திவிடாதீர்கள்.

பன்

பன்னுக்கு ஈஸ்ட் வேண்டும், ஈஸ்டுக்கு நம் ஊர் வெயிலே போதும். சில நேரம் தேவைக்கு அதிகம். மைதா 300 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம், சீனி 20 கிராம், உப்பு 5 கிராம், எண்ணெய் 20 மில்லி, தண்ணீர் 180 மில்லி. கோடையில் மண்பானைத் தண்ணீரை ஊற்றிப் பிசையுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் மார்கழிக்குத்தான். பரோட்டாக் கடையில் மாவை அடித்து இழுத்துப் பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் பத்து நிமிடம், மாவு கையில் ஒட்டாமல் பட்டுப்போல் ஆகும்வரை பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

மாவு உப்புவதற்கு வேனே நல்ல பெட்டி. காலை எட்டு மணி வெயிலில் மூடிய வேனுக்குள் நாற்பது நிமிடத்தில் மாவு இருமடங்காகிவிடும். நண்பகலில் அதே வேன் எமனாகும். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும், அதற்குச் சற்று மேலேயே ஈஸ்ட் செத்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் நிரம்ப வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும்; எழும்பவே இல்லையென்றால் மிஞ்சிவிட்டது, மறுபடி பிசைந்து உருட்டிக்கொள்ளுங்கள்.

ஏழு உருண்டைகளாக்கி, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் டின்னில் அடுக்கி, இருபது நிமிடம் விட்டு, மேலே பால் தடவி, பன் கோட்டில் இருபத்தைந்து நிமிடம் வேகவையுங்கள். வெந்த பன்னை எடுத்து அடியில் விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். தலை வெளுத்திருக்குமே என்ற கவலை வேண்டாம். ஓவனை இறக்கிவிட்டு, கீழிருந்த அந்தத் தோசைக்கல்லிலேயே நெய் தடவி, பன்களை ஒரு நிமிடம் தலைகீழாகக் கவிழ்த்து எடுத்தால் பேக்கரிப் பன்னை விடச் சிவந்த, மொறுமொறுப்பான தலை கிடைக்கும். மேல்சூடு இல்லாத ஓவனின் குறையைத் தீர்க்க எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான வழி இது, நான் மிகவும் விரும்பும் வழியும் இதுவே.

மலைக்குப் போகும்போது

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாக எழும்பி, வேகும் முன் அமுங்கும். மதுரையில் கட்டிய பையிலிருந்து பேக்கிங் பவுடரைப் பிரித்தெடுக்க முடியாதல்லவா? மலைக்குப் போகும் பயணம் என்றால் பையைக் கட்டும்போதே பவுடரையும் சோடாவையும் கால் பங்கு குறைத்துவிடுங்கள், அங்கே தயிரை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள், தீயையும் கோட்டுக்குச் சற்று மேலே வையுங்கள். குளிரில் தகரப் பெட்டி சூடேற இருபத்தைந்து நிமிடம்கூட ஆகலாம்.

வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் பக்கத்தை மூடி, டியூப்பில் மிஞ்சிய வாயு எரிந்து அடங்கிய பிறகு பர்னரை மூடுங்கள். டின்னைக் கண்மாயிலோ ஆற்றிலோ இறக்கிக் கழுவாமல், பட்டர் பேப்பரை உருவிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். ஓவனும் தோசைக்கல்லும் நன்றாக ஆற முக்கால் மணி நேரமாவது ஆகும். புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதிசெய்த பின், பெட்டியை மடக்கிச் சாக்கில் சுற்றி வேனுக்குள் ஏற்றுங்கள்.